கேள்வி மேடை: உடைப்பதற்கென்றே ஒரு கிளஸ்டர்

இந்த மாதக் கடிதக் கட்டில் பாதிக்கும் மேல் செஃப் பற்றியவை. புதிதாக வரும் வாசகர்களுக்கு இரண்டு வரி: பல சர்வர்களில் கிடக்கும் டிஸ்க்குகளை ஒன்றுசேர்த்து ஒரே பெரிய சேமிப்பகமாக ஆக்குவது செஃப். அப்படிச் சேர்ந்த சர்வர்க் கூட்டம்தான் கிளஸ்டர். எந்தச் சர்வரில் எந்தப் பகுதி ஓட வேண்டும் என்று பார்த்து நிறுவுவது, மேம்படுத்துவது, விழுந்ததைத் தூக்கி நிறுத்துவது ஆகிய மேஸ்திரி வேலையைச் செய்பவர்கள் இருவர். சாதாரண சர்வர்களில் செஃப்ஏடிஎம்; கன்டெய்னர்களை, அதாவது தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டிய நிரல்களை, பல சர்வர்களில் ஓட்டும் குபர்நெட்டீஸில் ரூக். (செஃப்ஏடிஎம் என்று தமிழில் எழுதினால் பணம் கொடுக்கும் இயந்திரம்போல் தெரிகிறது. இது எதையும் கொடுக்காது. உங்கள் சனிக்கிழமையை எடுத்துக்கொள்ளும்.) கடிதம் எழுதிய எல்லோருக்கும் தேவை ஒன்றுதான்: இந்த மேஸ்திரியைப் பழகிப் பார்க்கவும் திருத்திப் பார்க்கவும் ஒரு சோதனைக் கிளஸ்டர்.

*கேள்வி: ஐயா, 16 ஜிபி நினைவகம் உள்ள ஒரே மடிக்கணினிதான் என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு மெய்நிகர் இயந்திரம் அமைத்து, மூன்று டிஸ்க் கொடுத்து, செஃப்ஏடிஎம் மூலம் கிளஸ்டரை எழுப்பினேன். எல்லாம் ஓடுகிறது, ஆனால் நிலை எச்சரிக்கையிலேயே நிற்கிறது. பிரதிகள் குறைவு என்கிறது. டிஸ்க் மூன்று இருக்கிறதே?* — இறுதியாண்டு மாணவர்

தம்பி, நீங்கள் எண்ணுவது டிஸ்க்கை. செஃப் எண்ணுவது சர்வரை. வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு தரவுக்கும் மூன்று பிரதிகள். எந்த இரண்டும் ஒரே சர்வரில் இருக்கக் கூடாது. ஒரு சர்வர் எரிந்தால் அதன் டிஸ்க்குகள் எல்லாமே சேர்ந்து போகும் அல்லவா? உங்களிடம் சர்வர் ஒன்று. இரண்டாவது பிரதிக்கு இடம் தேடித் தேடிச் சலித்து அது எச்சரிக்கையில் நிற்கிறது. கிளஸ்டரில் குற்றமில்லை, கேட்டதைத்தான் செய்கிறது.

கிளஸ்டரை முதன்முதலாக எழுப்பும் கட்டளையில் ‘சிங்கிள் ஹோஸ்ட் டிஃபால்ட்ஸ்’ என்ற தேர்வைச் சேர்த்துவிடுங்கள். அது மூன்று காரியம் செய்கிறது. பிரதிகளைச் சர்வர்வாரியாகப் பிரிக்காமல் டிஸ்க்வாரியாகப் பிரிக்கச் சொல்கிறது. பிரதிகளின் எண்ணிக்கையை இரண்டாகக் குறைக்கிறது. காத்திருப்பில் உள்ள மேனேஜரின் (கிளஸ்டரின் நிர்வாக நிரல்) இணைநிரல்களை ஓடாமல் நிறுத்துகிறது. கடைசி விஷயம் அற்பமாகத் தெரியும், ஆனால் அதனால்தான் ஒரே இயந்திரத்தில் இரண்டு மேனேஜர்கள் முட்டிக்கொள்ளாமல் இருக்க முடிகிறது. இரண்டு எதற்கு என்றால், மேஸ்திரி குடியிருப்பதே மேனேஜருக்குள்தான். பதிப்பு மேம்படுத்தும்போது, தான் நிற்கும் ஏணியைத் தானே மாற்ற அவனால் முடியாது; பக்கத்து ஏணிக்குத் தாவியாக வேண்டும். ஒற்றை மேனேஜர் உள்ள கிளஸ்டரில் மேம்படுத்தலைத் தொடங்கினால், காத்திருப்பில் மேனேஜர் இல்லை என்று சொல்லி நின்றுவிடும்.

அடுத்து நினைவகம். தரவு டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் ஓஎஸ்டி என்ற ஒரு நிரல் ஓடுகிறது. ஒவ்வொரு ஓஎஸ்டிக்கும் வழக்கமான இலக்கு 4 ஜிபி. செஃப்ஏடிஎம் போதாக்குறைக்கு, இயந்திரத்தின் நினைவகத்தில் 70 விழுக்காட்டைத் தன்னுடையதாகக் கருதிப் பங்கு பிரிக்கும். தனி சர்வருக்கு அது நியாயம். உலாவியும் எடிட்டரும் ஓடும் மடிக்கணினியில் மெய்நிகர் இயந்திரத்துக்குத் தாராளமாக நினைவகம் கொடுத்துவிட்டால், மூன்றாம் நாள் எல்லாமே திணறும். தானியங்கிப் பங்கீட்டை அணைத்துவிட்டு, ஓஎஸ்டிக்கு 1.5 ஜிபி என்று நான் கையால் வைத்துவிடுகிறேன். அது இலக்குதானே தவிர வேலி அல்ல. சில சமயம் தாண்டும். வேகம் அளக்க இந்தக் கிளஸ்டர் உதவாது. அதற்காக நீங்கள் இதைக் கட்டவும் இல்லை.

இந்தப் பகுதியில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சோதனைக் கிளஸ்டர் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பொய்யைச் சொல்லும். உங்களுடையது சொல்லும் பொய், ‘சர்வர் ஒருபோதும் விழாது’ என்பது. அதைத் தவிர மற்றதையெல்லாம் அதில் தாராளமாகப் பழகலாம்.

*கேள்வி: ஒரு டிஸ்க்கைக் கிளஸ்டரிலிருந்து நீக்கி, முழுதாகத் துடைத்து, வேறு சோதனைக்கு எடுக்கப் பார்க்கிறேன். துடைத்த ஒரு நிமிடத்தில் அதே டிஸ்க் மீண்டும் ஓஎஸ்டியாகி நிற்கிறது. மூன்று முறை செய்துவிட்டேன். பேய் பிடித்ததா?* — சேமிப்பகக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்

நீங்கள் மூன்று முறைதான் துடைத்தீர்கள். நான் ஏழு முறை துடைத்தேன். ஐந்தாவது முறை, மெய்நிகர் இயந்திர மென்பொருள்தான் பழைய டிஸ்க்கைத் திருப்பித் தருகிறது என்று முடிவு கட்டி அதையே நீக்கி மறுபடி நிறுவினேன். ஆறாவது முறை, வேறு யாரோ உள்ளே நுழைந்து விளையாடுகிறார்கள் என்று எண்ணிப் பாஸ்வேர்டை மாற்றினேன். மாலை ஆறு மணிக்கு, காலையில் நானே கொடுத்த கட்டளை நினைவுக்கு வந்தது: ‘கிடைக்கும் டிஸ்க் எல்லாவற்றையும் ஓஎஸ்டி ஆக்கு.’

நாம் அதை ஒருமுறை செய்து முடிக்கும் வேலை என்று வாசிக்கிறோம். மேஸ்திரி அப்படி வாசிப்பதில்லை. அவனுக்கு அது நிரந்தரச் சட்டம். இப்போது இருக்கும் டிஸ்க் மட்டுமல்ல, நாளை செருகும் டிஸ்க்கும், துடைத்ததால் மறுபடி காலியான டிஸ்க்கும் அந்தச் சட்டத்துக்குள் வரும். நீங்கள் துடைக்கிறீர்கள், அவன் சுற்றிவரும்போது காலி டிஸ்க் ஒன்றைப் பார்க்கிறான், சொன்ன வேலையைச் செய்கிறான். செஃப்ஏடிஎம்மிலும் ரூக்கிலும் கட்டளை என்பது ‘இதைச் செய்’ அல்ல, ‘இப்படி இருக்க வேண்டும்’. இந்த ஒரு விஷயம் மனத்தில் படிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

அந்த ஓஎஸ்டி சேவையை ‘நிர்வகிக்க வேண்டாம்’ என்று குறித்துவிட்டுப் பிறகு துடையுங்கள். சோதனைக் கிளஸ்டரில் நான் இப்போதெல்லாம் அந்த மொத்தக் கட்டளையைத் தொடுவதே இல்லை. எந்தச் சர்வரில் எந்த டிஸ்க் என்று பெயர் சொல்லிச் சேர்க்கிறேன். கூடுதலாக நான்கு வரி தட்டச்சு, அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறாக, டிஸ்க் கண்ணுக்கே படவில்லை என்று எழுதிய இரண்டு பேருக்கும் இங்கேயே பதில்: பிரிவு எதுவும் இருக்கக் கூடாது, கோப்பு முறைமை கூடாது, எல்விஎம் (டிஸ்க்கைப் பங்கிடும் லினக்ஸ் வசதி) சுவடு கூடாது, எங்கும் ஏற்றப்பட்டிருக்கக் கூடாது, பழைய ஓஎஸ்டியின் மிச்சம் கூடாது, 5 ஜிபிக்கு மேல் அளவு வேண்டும். ‘சோதனைதானே’ என்று 4 ஜிபி டிஸ்க் கொடுத்துவிட்டு விழிப்பவர்கள் ஏராளம். 20 ஜிபி என்று கொடுங்கள். மெய்நிகர் டிஸ்க் எழுத எழுதத்தான் வளரும், மடிக்கணினியில் உடனே இடம் பிடிக்காது. தனி டிஸ்க் கொடுக்கவே வழியில்லை என்றால், ஒரு பெரிய வெற்றுக் கோப்பை, கோப்பையே டிஸ்க்காகக் காட்டும் லூப் சாதனமாக்கி அதன்மேல் எல்விஎம் பகுதி அமைத்துக் கொடுக்கலாம். இயந்திரம் மறுதொடக்கம் ஆனால் லூப் இணைப்பு போய்விடும், ஓஎஸ்டி எழாது. இணைப்பைத் திரும்பப் போடும் வரியைத் தொடக்கத்திலேயே ஓடும்படி வைத்துவிடுங்கள்.

*கேள்வி: இரவு நன்றாக இருந்த கிளஸ்டர், காலையில் மடிக்கணினியைத் திறந்ததும் மானிட்டர்களைப் பற்றி எச்சரிக்கிறது. நான் எதையும் தொடவில்லை.* — பெயர் வேண்டாம் என்ற வாசகி

மூடியை மூடினீர்கள். அதுவே தொட்டதுதான். மெய்நிகர் இயந்திரங்கள் உறங்கி எழும்போது ஒவ்வொன்றின் கடிகாரமும் ஒவ்வொரு நேரத்தைக் காட்டும். மானிட்டர்கள், அதாவது கிளஸ்டரில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற கணக்கை வைத்திருக்கும் நிரல்கள், தங்களுக்குள் பொறுத்துக்கொள்ளும் வித்தியாசம் 0.05 விநாடி. கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைவு. எல்லா இயந்திரத்திலும் கடிகாரத்தைச் சரிசெய்யும் குரோனி என்ற நிரல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அதை மறுதொடக்கம் செய்துவிட்டுச் சில நிமிடங்கள் காத்திருங்கள், எச்சரிக்கை தானாகவே போகும். வரம்பைத் தளர்த்தச் சொல்லி எங்காவது படித்தால் கேட்காதீர்கள்.

*கேள்வி: மூன்று மெய்நிகர் இயந்திரங்களில் கிளஸ்டர். ஒன்றைத் திடீரென்று அணைத்தேன். தரவு வேறிடத்துக்கு நகர்ந்து தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் என்று படித்திருக்கிறேன். ஐந்து நிமிடம் காத்திருந்தேன், ஒன்றும் நகரவில்லை. எங்கே தவறு?* — சோதனைப் பொறியாளர்

இரண்டு இடத்தில். ஒன்று பொறுமை, மற்றொன்று எண்ணிக்கை.

அணைத்த கணத்திலிருந்து நடப்பதைச் சொல்கிறேன். மற்ற இரண்டு இயந்திரங்களின் ஓஎஸ்டிக்கள், பதில் வராத தோழர்களுக்காக 20 விநாடி காத்திருக்கின்றன. பிறகு மானிட்டரிடம் புகார் செய்கின்றன. வெவ்வேறு சர்வர்களிலிருந்து இரண்டு புகார்கள் வந்தால்தான் மானிட்டர் நம்பும். ஒரே ஒருவரின் நெட்வொர்க் கோளாறை நம்பி ஊரையே கலைக்கக் கூடாது என்பதற்காக. நம்பியதும், விழுந்தவை விழுந்தன என்று குறிக்கிறது. ஆனாலும் தரவை நகர்த்தாது. மறுதொடக்கமாகக்கூட இருக்கலாம் என்று 600 விநாடி, அதாவது 10 நிமிடம் பார்த்துவிட்டுத்தான் அந்த ஓஎஸ்டிக்களைக் கணக்கிலிருந்து வெளியேற்றும். நீங்கள் ஐந்தாம் நிமிடத்தில் எழுந்துவிட்டீர்கள். சோதனைக்கு அந்த இடைவெளியை 60 விநாடியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். குறைத்திருப்பதை எங்காவது எழுதியும் வையுங்கள், இல்லாவிட்டால் நாளை ஒரு சாதாரண மறுதொடக்கத்துக்கே தரவு கிளம்புவதைக் கண்டு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள்.

இனி எண்ணிக்கை. பத்து நிமிடம் காத்திருந்தாலும் உங்களுக்கு ஒன்றும் நகர்ந்திருக்காது. மூன்று பிரதிகள், மூன்று சர்வர்கள், ஒன்று போய்விட்டது. மூன்றாவது பிரதியை எங்கே கொண்டுபோய் வைப்பது? மீதி இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு படிக்கவும் எழுதவும் அனுமதிக்கும், நான்காவது சர்வருக்காகக் காத்திருக்கும். தன்னைத்தானே சரிசெய்துகொள்வதைப் பார்க்க நான்கு இயந்திரங்கள் வேண்டும். நான்காவதற்கு ஒரே ஒரு டிஸ்க் கொடுத்தாலும் சோதனைக்குப் போதும், நிரப்பிவிடாத வரை.

இரண்டு இயந்திரத்தில் இதே சோதனையைச் செய்ய ஆசைப்படாதீர்கள். நான் செய்தேன், அதுவும் மேலதிகாரியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. ஒரு இயந்திரத்தின் மின்சாரத்தை நிறுத்தினேன். ‘இப்போது பாருங்கள்’ என்றேன். திரையில் எல்லா ஓஎஸ்டியும் எழுந்தே நின்றன. எழுதிக்கொண்டிருந்த சோதனை நிரல் மட்டும் சிலையாக நின்றது. உயிரோடு இருந்தது ஒரு சர்வர்தான். அதில் எத்தனை ஓஎஸ்டிக்கள் கத்தினாலும் மானிட்டர் கணக்கில் அது ஒரே புகார். இரண்டாவது புகார் வர ஆளில்லை. அப்படிப்பட்ட நிலையில் செத்த ஓஎஸ்டியிடமிருந்து 900 விநாடி அறிக்கை ஏதும் வராவிட்டால்தான் மானிட்டர் தானாக முடிவெடுக்கும். கால் மணி நேரம்! அவர் ஐந்தாவது நிமிடத்தில் கிளம்பிவிட்டார். மானிட்டர் ஒன்றே ஒன்று, அதுவும் உயிரோடு இருந்த பக்கத்தில் இருந்ததால் திரையாவது வந்தது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு மானிட்டர் வைத்திருந்தால் பெரும்பான்மை போய், நிலையைக் கேட்கும் கட்டளையே பதிலின்றித் தொங்கியிருக்கும்.

*கேள்வி: பழைய கட்டுரைகளைப் பார்த்துச் செய்தால் கட்டளைகளே இல்லை என்கிறது.* — நூலகப் பணியாளர்

கட்டுரை எந்த வெளியீட்டைப் பற்றியது என்று பாருங்கள். கணவாய், ஆக்டோபஸ் குடும்பத்தை ஒட்டிய பெயர்களை ஆங்கில அகரவரிசைப்படி வைப்பது செஃப்காரர்கள் வழக்கம். எழுத்தின் வரிசை எண்ணே பதிப்பு எண். ‘ஓ’ 15-ஆவது எழுத்து, ஆக்டோபஸ் 15-ஆவது பதிப்பு. 2020-இல் வந்த அந்தப் பதிப்பில்தான் செஃப்ஏடிஎம் அறிமுகமானது. ‘என்’ எழுத்தில் தொடங்கும் நாட்டிலஸையும் அதற்கு முந்தியவற்றையும் பற்றிய நிறுவல் கட்டுரைகளை மூடிவைத்துவிடுங்கள்.

*கேள்வி: செஃப்ஏடிஎம்மின் பைத்தான் கோப்பில் இரண்டு வரி மாற்றுகிறேன். சோதிக்க ஒவ்வொரு முறையும் கன்டெய்னர் இமேஜ் கட்ட வேண்டியிருக்கிறது. இப்படித்தான் எல்லோரும் வாழ்கிறார்களா?* — திறந்த மூலப் பங்களிப்பாளர்

இல்லை. முதலில் எந்தப் பாதியை மாற்றுகிறீர்கள் என்று தெளிவாகுங்கள். சர்வரில் நேரடியாக ஓடும் கட்டளைக் கோப்பு ஒரு பாதி. மேனேஜருக்குள் இருந்துகொண்டு எஸ்எஸ்எச் வழியாக மற்றச் சர்வர்களுக்கு ஆணையிடும் இணைநிரல் இன்னொரு பாதி. இரண்டுக்கும் பெயர் ஒன்றே என்பதால் வரும் தலைவலி கொஞ்சமல்ல. நான் ஒரு முழு நாள் தவறான பாதியில் பிழை தேடியிருக்கிறேன்.

இணைநிரல்தான் என்றால், கிளஸ்டரை எழுப்பும்போதே உங்கள் மூலநிரல் அடைவைக் கன்டெய்னருக்குள் பகிரும் ‘ஷேர்டு செஃப் ஃபோல்டர்’ என்ற தேர்வு இருக்கிறது. பிறகு கோப்பைத் திருத்துவது, மேனேஜரை மறுதொடக்கம் செய்வது, பார்ப்பது. இமேஜ் கட்டும் வேலை இல்லை. எந்த மேனேஜர் பொறுப்பில் இருக்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். பகிர்வு இல்லாத இயந்திரத்துக்குப் பொறுப்பு போயிருந்தால், நீங்கள் திருத்திய வரி ஒரு மூலையில் கிடக்க, பழைய நிரல் ஓடிக்கொண்டிருக்கும்.

முழு மூலநிரலையும் ஏற்கெனவே கட்டி வைத்திருந்தால் விஸ்டார்ட் என்ற ஸ்கிரிப்ட் இருக்கிறது. செஃப்ஏடிஎம் தேர்வோடு அதை ஓட்டினால் மானிட்டரும் மேனேஜரும் கட்டிய அடைவிலிருந்தே எழும். மற்றச் சேவைகளைச் செஃப்ஏடிஎம் கன்டெய்னர்களாக எழுப்பும். எழுவது நிமிடக் கணக்கில். அது சொல்லும் பொய்: மேஸ்திரி தன் அஸ்திவாரத்தைத் தானே போட்டதாக ஒரு தோற்றம். மானிட்டரை இடம் மாற்றும் நிரலை அங்கே சோதிக்க முடியாது. அதற்கு உண்மையான மெய்நிகர் இயந்திரங்கள் வேண்டும். கேசிஎல்ஐ என்ற கருவிக்கான திட்டக் கோப்பு ஒன்று செஃப் மூலநிரலிலேயே இருக்கிறது, ஒரே கட்டளையில் இயந்திரங்களை உருவாக்கிக் கிளஸ்டராக்கித் தருகிறது.

இவற்றுக்கெல்லாம் முன்னால், கிளஸ்டரே இல்லாமல் ஓடும் அலகுச் சோதனைகள் அந்த அடைவிலேயே இருக்கின்றன. போலிச் சர்வர்களைக் கொண்டு அவை நிரலைப் பரிசோதிக்கும். அதைத் தாண்டாத நிரலுக்காகக் கிளஸ்டரை எழுப்புவது, மாவு அரைக்காமலே அடுப்பை மூட்டுவது.

*கேள்வி: மினிகியூபில் ரூக் நிறுவி, நீக்கி, மறுபடி நிறுவினேன். இரண்டாம் முறை மானிட்டர் எழவே இல்லை.* — குபர்நெட்டீஸ் பயிலும் வாசகர்

குபர்நெட்டீஸில் நீக்கினீர்கள், இயந்திரத்தின் டிஸ்க்கில் நீக்கவில்லை. வேர் அடைவுக்குக் கீழே வார், லிப், ரூக் என்று போகும் பாதையில் பழைய கிளஸ்டரின் சாவிகளும் விவரங்களும் அப்படியே கிடக்கின்றன. புதிய மானிட்டர் அவற்றைக் கண்டு குழம்புகிறது. அந்த அடைவை அழியுங்கள், தரவு டிஸ்க்கையும் துடையுங்கள். அடுத்த முறை கிளஸ்டரை நீக்குவதற்கு முன் துப்புரவுக் கொள்கையில் ‘ஆம், உண்மையாகவே தரவை அழி’ என்ற பொருள்படும் ஆங்கிலத் தொடரை எழுத்துப் பிசகாமல் எழுதிவைத்தால் ரூக்கே இதைச் செய்யும். இப்படி உறுதிமொழி வாங்காமல் எதையும் அழிக்காதது இந்தக் குடும்பத்தின் நல்ல குணம்.

ஒரே கணினியில் சிறு குபர்நெட்டீஸை எழுப்பும் மினிகியூபைத் தேர்ந்தது சரி. மெய்நிகர் இயந்திரமாக ஓட்டினால் காலி டிஸ்க் ஒன்றைக் கூடவே கேட்டு வாங்கலாம். அதே வேலைக்கான கைண்ட் என்ற இன்னொரு கருவி எல்லாவற்றையும் கன்டெய்னருக்குள்ளேயே வைப்பதால் டிஸ்க் கொடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். ரூக்கின் எடுத்துக்காட்டுகளில் சோதனைக்கென்றே ஒரு கோப்பு இருக்கிறது: ஒரு மானிட்டர், ஒரே பிரதி. முழு அளவுக் கோப்பை ஒற்றை இயந்திரத்தில் இறக்காதீர்கள்.

*கேள்வி: ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புவது நல்லதா, இடித்துக் கட்டுவது நல்லதா?* — சோதனைத் தானியக்கம் எழுதுபவர்

இடித்துக் கட்டுங்கள். ஸ்னாப்ஷாட் (இயந்திரத்தின் அந்த நேரத்து நிலையின் பதிவு) வேண்டுமென்றால் எல்லா இயந்திரங்களையும் அணைத்துவிட்டு எடுங்கள், எல்லாவற்றையும் ஒன்றாகவே திருப்புங்கள். ஒன்றை மட்டும் நேற்றைக்குத் திருப்பினால், எழுதிவிட்டேன் என்று மற்றவர்களிடம் வாக்குக் கொடுத்த ஓஎஸ்டி, அந்த வாக்கையே மறந்து எழுந்து வரும். அதிலிருந்து வரும் பிழைகள் உங்கள் நிரலுடையவை அல்ல, ஆனால் நீங்கள்தான் துரத்துவீர்கள்.

இடிப்பதற்குக் கிளஸ்டர் நீக்கும் கட்டளையோடு டிஸ்க்கையும் துடைக்கும் தேர்வைச் சேருங்கள். விட்டுவிட்டால் அடுத்த முறை டிஸ்க் எதுவும் காலியாகத் தெரியாது. அந்தக் கட்டளை கிளஸ்டரின் அடையாள எண்ணைக் கேட்கும். அதை நகலெடுத்து ஒட்டுங்கள், கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். செஃப்ஏடிஎம் அந்த எண்ணை நேரத்தையும் நெட்வொர்க் கார்டின் முகவரியையும் கொண்டு உருவாக்குகிறது. ஆகவே ஒரே இயந்திரத்தில் எழுப்பிய கிளஸ்டர்கள் எல்லாவற்றுக்கும் கடைசி 12 இலக்கங்கள் ஒன்றாகவே இருக்கும். அடையாள எண்ணின் வாலைப் பார்த்து ‘ஆம், இதுதான்’ என்று நான் அழித்தது, அதே இயந்திரத்தில் சக ஊழியர் மூன்று வாரமாக ஒரு பிழையைப் பிடித்து வைத்திருந்த கிளஸ்டர். இப்போது என் ஸ்கிரிப்ட் எண்ணின் முதல் எட்டு இலக்கங்களைக் கேட்கிறது. அவருடைய வற்புறுத்தலால் சேர்த்த வரி அது.